கதவுகளுக்குப் போன எண்ணெய்

மெக்கானிக்கைப் பார்த்து அக்கா "திருடா" என்று சொன்னதும் ஒர்க்ஷாப்பில் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன் சுவிட்சை அணைத்துவிட்டான். வண்டிகளுக்கு அடியில் படுத்திருந்தவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். ஸ்கூட்டருக்கு பிரேக் பார்க்க வந்திருந்த ஒரு நர்ஸம்மா, கையிலிருந்த டீயைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றாள். அப்படி ஒரு சத்தம். அக்காவுக்கு இயல்பிலேயே பெரிய குரல்தான், அன்றைக்கு அது தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அவள் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். என் அறைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அங்கே யாராவது பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும். இப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவர்களுக்கு உறவு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவள் அக்கா, அவள் புருஷன் மாமா, நான் அவர்களுக்கு டெய்லர்.

அக்கா வேன் ஓட்டுகிறாள். கிட்னி வேலை செய்யாதவர்களை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய், ரத்தம் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரியில் இறக்கி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. ஆஸ்பத்திரியே கொடுத்த டிரிப். வீடு ஓடுவது அதில்தான். மாமா ஒரு காலத்தில் லாரி டிரைவர். சரிந்த லோடுக்கு அடியில் சிக்கி வலது முழங்கால் நொறுங்கிப்போனது. இப்போது அது மடங்காது. பெடலை மிதிக்க முடியாத டிரைவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால் வேனைக் கழுவுவது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பது எல்லாம் மாமாவின் பொறுப்பு. நான்கு சிறு சக்கரம் பொருத்திய ஒரு பலகை வைத்திருந்தார். அதில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் உருண்டு போவார். வெளியே வரும்போது முகத்தில் கரியும் சிரிப்புமாக இருக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

வேன் நின்றது அதற்கு முந்தைய நாள் காலை. பனிக்காலம். எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் தெரிகிற நேரத்தில் அக்கா மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். அதில் ஒருவர் எங்கள் தெருமுனை வாத்தியார். நோயாளிகளிலேயே ரொம்ப இளைத்துப்போனவர் அவர்தான். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு. தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார். பாலத்து மேட்டில் ஏறும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது, உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது, பின்னால் நீலப் புகை கிளம்பியது. அடுத்த நிமிஷம் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அந்த மேட்டில், அந்தப் பனியில், வேறு வண்டி கிடைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர்கள் முறைக்கு வைத்திருந்த மெஷின் வேறு ஆளுக்குப் போயிருந்தது. மற்ற இருவரும் காத்திருந்து மதிய முறையில் ஏறிவிட்டார்கள். வாத்தியாருக்கு அதற்குள் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்ட, அவரைத் தூக்கிக்கொண்டு போய் அவசரப் பிரிவில் போட்டார்கள்.

இந்தக் கோபத்தையெல்லாம் சுமந்துகொண்டுதான் அக்கா ஒர்க்ஷாப்புக்கு வந்திருந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மாமா காலை இழுத்து இழுத்துப் பின்னால் வந்து, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மட்டமான எண்ணெயை ஊற்றி மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் என்று காலையில் டீ குடிக்கும்போது அவளிடம் சொன்னதே அவர்தான்.

மெக்கானிக் கோபப்படாமல்தான் பேசினான். இழுத்து வந்து நிறுத்தியிருந்த வேனின் ஆயில் பில்டரைக் கழற்றி, அதன் தகரத்தை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை விரித்துக் காட்டினான். கறுப்பு எண்ணெயில் வெள்ளி ஜரிகையை நுணுக்கித் தூவியது போல மினுமினுவென்று இருந்தது. நான் தினமும் ஜரிகை பார்க்கிறவள், அதனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. அது இரும்பு. எஞ்சின் தன்னைத்தானே அரைத்துக்கொண்ட தூள்.

"அக்கா, இது நான் ஊத்தின ஆயில் இல்ல. நான் ஊத்தறது மெல்லிசு. உங்க எஞ்சினுக்கு அதைத்தான் ஊத்தணும். உள்ள எண்ணெய் போற வழியெல்லாம் அவ்வளவு சின்னது. காலைல குளிர்ல சாவியைத் திருப்பினதும் எண்ணெய் சடார்னு மேல ஏறணும். இது பழைய லாரிக்கு ஊத்தற கெட்டி எண்ணெய். இது ஏறி வர்றதுக்குள்ள மேல இருக்கற ஷாப்ட்டு வறட்டு இரும்பாவே சுத்தும். தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம்னு தேஞ்சு போச்சு. வீட்ல யாராவது மாத்தினீங்களா?"

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவன் பார்வை கேட் பக்கம் போனது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான்.

"யாரைப் பார்த்து என்ன கேக்கற? என் புருஷன் லாரி ஓட்டினவர். நீ ஸ்பானரைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே எஞ்சினைப் பிரிச்சு மாட்டினவர். கால் போச்சுன்னா அறிவும் போச்சுன்னு நெனச்சியா? டிரம்ல கிடந்த கழிவை ஊத்திட்டு அவர் தலைல கட்டறியா? திருடா."

கிரைண்டர் நின்றது அப்போதுதான். மெக்கானிக்கின் கழுத்து நரம்பு புடைத்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று மட்டும் சொன்னான். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இப்படிக் கொதிக்கும்போது அமைதியாக நிற்கிறாரே, எவ்வளவு பொறுமையான மனிதர் என்று நினைத்தேன். நல்லவேளை, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மத்தியானம் நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் ஆபீஸில் கூப்பிட்டு, டிரிப்பை வேறு வேனுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சொன்னார்கள். நோயாளிகள் காத்திருக்க மாட்டார்கள், நோய் அதைவிடக் காத்திருக்காது என்றார் அங்கிருந்த மேனேஜர். மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, நடைபாதைக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அழுதாளா இல்லையா என்று தெரியாதபடி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

வாத்தியார் மூக்கில் குழாயோடு சாய்ந்து படுத்திருந்தார். கால்கள் வீங்கிப் பளபளவென்றிருந்தன. வாத்தியாரம்மா ஈரத் துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் அக்கா வாங்கிக்கொண்டிருப்பாள். வாத்தியார் மூச்சை இழுத்து இழுத்து, அக்காவைச் சமாதானப்படுத்துகிற மாதிரி பேசினார்.

"வண்டின்னா... நிக்கத்தான் செய்யும்மா. உங்க வீட்டுக்காரர் மேல... கோவிச்சுக்காத. தங்கமான மனுஷன். எங்க வீட்டு வாசக்கதவு... ராத்திரி தெறந்தா தெருவே முழிக்கும். அவர்தான்... ஒரு பாட்டில் எண்ணெய் குடுத்தார். தேன் மாதிரி... சுத்தமா. அதுலேர்ந்து சத்தமே இல்ல."

அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அது உறைத்தது. என் தையல் மெஷினுக்கு அடியில் அதே மாதிரி ஒரு பாட்டில் இருக்கிறது. தேன் நிறம், புது வாசனை. கடையில் வாங்குகிற மெஷின் எண்ணெய் வேண்டாம், இதைப் போடு, பஞ்சு மாதிரி ஓடும் என்று மாமாதான் கொடுத்தார். பஞ்சு மாதிரித்தான் ஓடியது. வேன் வைத்திருக்கிற வீட்டில் எண்ணெய் இருக்கத்தானே செய்யும் என்று நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஓடின வண்டியிலிருந்து இறக்கிய எண்ணெய் என்றால் கறுப்பாக அல்லவா இருக்க வேண்டும்?

வெளியே வந்ததும் அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்கலாமா என்று யோசிக்கவேயில்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு வேகமாக நடந்தாள்.

எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வீட்டுக் கதவைத் திறந்து மூடினாள். சத்தம் இல்லை. உள்ளே இருந்தவள் என்ன அக்கா என்று எட்டிப்பார்த்தாள். எண்ணெய் போட்டீர்களா என்று கேட்டாள் அக்கா. ஆமாம், அண்ணன் கொடுத்தார். அடுத்த வீட்டு இரும்பு கேட். சத்தம் இல்லை. மாவு மில்லின் ஷட்டரைப் பாதி இறக்கி ஏற்றினாள். வழுக்கிக்கொண்டு வந்தது. சைக்கிள் கடைக்காரர், செயினுக்கெல்லாம் அதுதான் போடுகிறேன், உங்க வீட்டுக்காரர் மகராசன் என்றார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நன்றி. ஒவ்வொரு நன்றிக்கும் அக்கா முகம் கறுத்தது. தெருவில் ஒரு கீல்கூடக் கிறீச்சிடவில்லை. எஞ்சினுக்குப் போக வேண்டிய எண்ணெயெல்லாம் கதவுகளுக்குப் போயிருந்தது. மெக்கானிக் ஒவ்வொரு தடவை சர்வீஸ் செய்து புது எண்ணெய் ஊற்றி அனுப்பியதும், இந்த மனிதர் பலகையில் உருண்டு போய், அடி நட்டைக் கழற்றி, அத்தனையையும் ஒரு வாளியில் இறக்கிவிட்டுத் தன் கெட்டி எண்ணெயை ஊற்றியிருக்கிறார். இறக்கினதை வீணாக்கக் கூடாதாம். தெருவுக்கே தானம்.

அக்கா வீட்டுக்குள் போனாள். நான் என் அறைக்குள் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். வெட்டிவைத்த ஜாக்கெட் துணி மடியில் கிடந்தது. தைக்கவில்லை. தைத்தால் சத்தம் வரும், எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டியிருந்தது. யாராவது குறை சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

மாமா முதலில் மழுப்பினார். கதவுக்குப் போட்டது வேறு எண்ணெய், ஏதோ மிச்சம் என்றார். அக்கா என் அறைக்கு வந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த எண்ணெயை விரல்ல தொட்டுப் பாத்திருக்கியா நீ?" என்றார் மாமா கடைசியில். "தண்ணி. விரலுக்கு நடுவுல நிக்கவே மாட்டேங்குது. இதை நம்பி உன்னை எப்படி அனுப்பறது? மூணு உயிரை வேற ஏத்திக்கிட்டுப் போற. நான் ஓட்டின காலத்துல கெட்டி எண்ணெய்தான். ஒரு தடவை நடுரோட்டுல நின்னதில்ல."

"அது லாரி."

"எஞ்சின்னா எஞ்சின்தான்."

"அவ்வளவு நிச்சயமா தெரிஞ்சா என்கிட்ட சொல்லிட்டு மாத்தியிருக்கலாமே."

"சொன்னா நீ அந்த மெக்கானிக்கைப் போய்க் கேப்ப."

"ஆமா, கேப்பேன்."

"அதான் சொல்லல."

அக்கா எதையோ எட்டி உதைத்தாள். சக்கரப் பலகை முற்றத்தைத் தாண்டி உருண்டு போய்ச் சுவரில் மோதியது. வண்டி போனதுகூடப் பரவாயில்லை என்று கத்தினாள். வண்டி இரும்பு, இரும்பு போனால் போகட்டும், அந்த மனுஷன் மூக்கில் குழாயோடு கிடந்துகொண்டு உங்களைத் தங்கம் என்கிறார், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வைத்தீர்களே என்றாள். அதுவரை அவள் பேச்சில் 'நீங்கள்'தான். அடுத்த வாக்கியத்தில் மாறியது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமாவை அவள் நீ என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அங்க ஏன் வாயைத் தெறக்கல நீ? அத்தனை பேர் நின்னாங்க. நான் ஒருத்தனைத் திருடன்னு சொல்றேன். நீ கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கற. ஏன்?"

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா பதில் சொன்னபோது குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

"சொல்லத்தான் நெனச்சேன். அதுக்குள்ள நீ எனக்காகச் சண்டை போட ஆரம்பிச்சுட்ட. கால் போனதுக்கப்புறம் எனக்காக யாரும் அப்படிக் கத்தினதில்ல. கேக்க நல்லா இருந்துச்சு."

எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் இரக்கம் வந்தது உண்மை. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. ஒரு மனிதனின் தொழிலை, பெயரை நாலு பேர் முன்னால் நாசமாக்குவதைக் காதுக்கு இனிமையாகக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டில் முடங்கிக் கிடக்கிற வலி எனக்குப் புரியாமல் இல்லை. அந்த வலியோடுதான் எத்தனையோ பேர் யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருக்கிறார்கள். அக்கா என்ன நினைத்தாளோ, அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் இரண்டு முட்டையை அவித்து, ரொட்டியோடு கொண்டுபோய் வைத்தேன். யாரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் அக்கா மாமாவை ஒர்க்ஷாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டிக்கொண்டு போனாள் என்றால் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் வந்தார். வழக்கமாக அவர் காலுக்காக மெதுவாக நடப்பவள் அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகிற வழியில் நர்ஸம்மாவின் வீட்டுக்குப் போய் அவளையும் அழைத்துக்கொண்டாள். கேட்டவர்கள் இருக்க வேண்டும் என்றாள். நானும் கூடப் போனேன்.

வேன் இன்னும் அங்கேதான் நின்றது. எடுத்துப் போக ஆள் வரவில்லை. மெக்கானிக் முகம் கொடுத்தே பேசவில்லை. குனிந்து வேறொரு வண்டியில் வேலை பார்த்துக்கொண்டே, நேற்று இங்கே நின்ற இரண்டு புதுக் கஸ்டமர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். அக்கா மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெரிய குரலிலேயே, கூரையில் முட்டுகிற அளவுக்கே கேட்டாள். நீ திருடன் இல்லை, நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன், இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன் என்றாள். மெக்கானிக் நிமிரவில்லை.

"நீங்க பேசினதை நீங்க சொல்லிட்டீங்க. அவர் பேசாததை யார் சொல்றது?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் கேட் கம்பிக்குக் கையை நீட்டினார். அக்கா நடுவில் போய் நின்றுகொண்டாள். பிடிக்க ஒன்றும் இல்லாமல் நொண்டிக்கொண்டு நடுவுக்கு வந்தார்.

"எண்ணெயை மாத்தினது நான்தான்," என்றார். "தம்பி ஊத்தினது சரியான எண்ணெய்."

மெக்கானிக் நிமிர்ந்தான். பிறகு முந்தின நாளே கழற்றி மேசையில் வைத்திருந்த, எஞ்சின் மேலே சுற்றும் கேம் ஷாப்டை எடுத்துத் துணியால் துடைத்து மாமா கையில் கொடுத்தான். பழிவாங்கக் கொடுத்த மாதிரி தெரியவில்லை. எஞ்சின் தெரிந்த ஆளிடம் எஞ்சின் சாமானைக் காட்டுகிற பழக்கம்தான்.

மாமா அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். முட்டை வடிவத்தில் மழுமழுவென்று இருக்க வேண்டிய புடைப்புகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். ஒன்றில் முனை மழுங்கியிருந்தது. அடுத்ததில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். அவர் முகம் மாறியது. தப்புச் செய்தவர் முகம் போய், லாரிக்காரர் முகம் வந்தது. இரும்பைத் தொட்டதும் தான் யார், எதற்காக அங்கே நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"இது ஒரு நாள்ல தேஞ்சது இல்ல," என்றார், தலையை ஆட்டிக்கொண்டு. "மாசக்கணக்கா தேஞ்சிருக்கு. தினமும் காலைல ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு சத்தம் வந்திருக்குமே. ஓட்டறவங்க காதுல விழலயா?"

கிரைண்டர்காரன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த ஷாப்டைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட வேண்டும் போல இருந்தது. அக்கா கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை.

"விழுந்துச்சு," என்றாள். "தினமும் விழுந்துச்சு. தினமும் இறங்கி உள்ள வந்து உங்ககிட்டதான் சொன்னேன். குளிருக்கு அப்படித்தான் இருக்கும், பழகிடும்னு சொன்னீங்க. நானும் பழகிட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே போனாள். ஆஸ்பத்திரி டிரிப் இப்போது போயிருந்த அந்த வேனின் ஓனர் டிரைவர் தேடிக்கொண்டிருந்தார், அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். மாமா ஷாப்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். மேசையில் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மெக்கானிக்தான் வந்து அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.